போன் வீடியோ எடிட்டிங்கில் ஏறவில்லையா? எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வீடியோ எடிட் செய்கிற ஒரு தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். கானா ஆல்பம், கால்பந்து மேட்ச் ஹைலைட்ஸ், மஞ்சள் நீராட்டு விழா, விடியற்காலை மீன் ஏலம் எல்லாமே இன்று போனில்தான் எடுக்கப்படுகின்றன. ஷூட் நன்றாகவே முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

"அண்ணே, கிளிப்பு உள்ள போவ மாட்டேங்குது." "சவுண்டு மட்டும் வருது, படம் வரல." "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய் இருக்குண்ணே." "ஆரம்பத்துல சரியாதான் இருக்கு, போகப் போக வாய் ஒரு பக்கம், சவுண்டு ஒரு பக்கம் போவுது." என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான். நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் எல்லாரும் செய்வது ஒன்றையே: ஏதோ ஒரு ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவது, இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி டவுன்லோடு செய்வது. ஃபைல் உள்ளே ஏறிவிடும், ஆனால் படத்தின் தரம் போய்விடும். பல சமயம் உண்மையான கோளாறு கேபிளிலோ ஒரு செட்டிங்கிலோ இருந்திருக்கும், கன்வெர்ட் செய்யவே தேவைப்பட்டிருக்காது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து காசிமேட்டில் போட்டுகள் கிளம்புகிற அந்த முதல் நாளைப் படம் பிடித்தவருக்கு, அதைத் திரும்ப எடுக்க அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்கவே முடியாது. அதனால் முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள், பிறகு கை வையுங்கள். கீழே சொல்கிற வரிசையிலேயே போனால் தேவையில்லாமல் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

தொடங்கும் முன்: ஒரிஜினல் போனிலேயே இருக்கட்டும்

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். எடிட் முடிந்து, வீடியோவைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை போனில் இருப்பதை அழிக்க வேண்டாம். இடம் போதவில்லை என்றால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டாவது பிரதி வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

படி 1: போனையே கம்ப்யூட்டர் காட்டவில்லை என்றால்

முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் ஏராளமாக விற்கின்றன. அவற்றில் டேட்டா போவதற்கான கம்பியே இருக்காது. போன் சார்ஜ் ஆகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். போனோடு பெட்டியில் வந்த கேபிளையோ, வேறு போனில் ஃபைல் மாற்றிப் பார்த்த கேபிளையோ போட்டுப் பாருங்கள். கேபினட்டின் முன்பக்க யூஎஸ்பியை விட்டுவிட்டு, மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள்.

கடலோரத்தில் ஷூட் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து சார்ஜிங் போர்ட்டுக்குள் படிந்துவிடும். கேபிள் முழுதாக உட்காராது, காப்பி பாதியில் அறுந்துபோகும். போனை ஆஃப் செய்து, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. போர்ட்டில் ஈரம் என்று போன் எச்சரித்தால் நன்றாகக் காயும் வரை கேபிள் செருகவே வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போன் செருகியதும் வழக்கமாக 'சார்ஜிங்' என்ற நிலையில்தான் நிற்கும். மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யூஎஸ்பி பற்றிய வரியைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். ஐபோன் என்றால் லாக் திறந்திருக்க வேண்டும், 'டிரஸ்ட்' கேட்டால் சரி கொடுக்க வேண்டும். அதற்கும் வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஆப்பிள் டிவைசஸ்' என்ற ஆப்பை நிறுவுங்கள். தேவையான டிரைவர் அதனுடன் வந்துவிடும்.

படி 2: போன் தெரிகிறது, காப்பி முடியவில்லை

ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு மாற்றும்போது, கம்ப்யூட்டரோடு இணைந்த சாதனம் வேலை செய்யவில்லை என்ற பொருளில் ஒரு எரர் வந்து பாதியில் நிற்கும். கேபிள் போய்விட்டது என்று புதிதாக வாங்கி வருவார்கள், அதிலும் அதே எரர் வரும். காரணம் போனுக்குள் இருக்கிறது. செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போய்க் கடைசிவரை இறங்கினால் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்று ஒன்று இருக்கும். புதிய ஐஓஎஸ்ஸில் இந்த ஃபோட்டோஸ் பகுதி 'ஆப்ஸ்' என்பதற்குள் போயிருக்கிறது. அங்கே 'ஆட்டோமேடிக்' என்றிருந்தால், போன் ஒவ்வொரு வீடியோவையும் அனுப்பும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே அனுப்பப் பார்க்கும். அங்கேதான் திணறி நிற்கிறது. 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றி, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால், முழுத் தரமுள்ள வீடியோ போனில் இல்லாமல் கிளவுடில் மட்டும் இருக்கலாம். அப்போது ஃபோல்டரில் அந்த வீடியோ வராது. போனில் அதைத் திறந்து முழுதாக இறங்க விட்ட பிறகுதான் மாற்ற முடியும். ஐபோன் ஃபோல்டரில் பெயர் 'ஐஎம்ஜி' என்று ஆரம்பிப்பது ஒரிஜினல். அதற்குப் பின் 'இ' எழுத்து சேர்ந்து வருவது போனிலேயே வெட்டிய அல்லது கலர் மாற்றிய பிரதி. எது வேண்டும் என்று பார்த்து எடுங்கள்.

பென்டிரைவ் வழியாக மாற்றுகிறவர்களுக்கு வருகிற தொல்லை வேறு. சின்ன ஃபைல்களெல்லாம் போகும், முகூர்த்தம் முழுக்க ஓடிய ஒரே பெரிய கிளிப் மட்டும் போகாது. டிரைவில் இடம் இருக்கும், ஆனால் இடமில்லை என்றோ ஃபைல் பெரிது என்றோ சொல்லும். அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் தீரும்.

விலை மிகக் குறைவாக 512 ஜிபி, 1 டிபி என்று விற்கிற பென்டிரைவ், மெமரி கார்டுகளில் போலி உண்டு. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும், கம்ப்யூட்டரிடம் 1 டிபி என்று பொய் சொல்லும். காப்பி எரர் இல்லாமல் முடியும், ஃபைல் சைஸும் சரியாகவே காட்டும், திறந்தால் ஒன்றுமே ஓடாது. எங்கே வாங்கினாலும் முதல் வேலையாக 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச புரோகிராமை ஓட்டிவிடுங்கள். டிரைவை முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு கல்யாண ஃபுட்டேஜைத் தொலைப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பாதீர்கள். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த ஃபைலை அனுப்புங்கள், 2 ஜிபி வரை கம்ப்ரஸ் ஆகாமல் போகும். டெலிகிராமிலும் 'ஃபைல்' என்று அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் ஃபோட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தால் 4கே வீடியோ அங்கே 1080 ஆகச் சுருங்கியிருக்கும். அங்கிருந்து இறக்கி எடிட் செய்வதில் பயனில்லை.

படி 3: போனிலிருந்து நேராக இழுக்காதீர்கள்

போன் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃபோல்டரிலிருந்து பிரீமியர் போன்ற எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் இழுத்துப் போடுவது நிறைய பேர் செய்கிற காரியம். சில சமயம் ஏறாது. ஏறினாலும் கேபிளைக் கழற்றியதும் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் வீடியோவைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வதில்லை, ஃபைல் எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் குறித்துக்கொள்கிறது. முகவரி மாறினால் கிளிப் காணாமல் போகும்.

கம்ப்யூட்டரின் டி டிரைவிலோ எஸ்எஸ்டியிலோ வேலைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் காப்பி செய்து, அங்கிருந்து இம்போர்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க அது ஃபைலைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு வெறும் பெயரை மட்டும் வைத்திருக்கும். ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் சின்னதாக, இமோஜி இல்லாமல் வையுங்கள். பழைய சாஃப்ட்வேர்களில் தமிழ் எழுத்துப் பெயர்களும் தகராறு செய்யும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு மொத்த முகவரி 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோஸில் சிக்கல்தான்.

படி 4: ஃபைலைச் சோதிப்பது

இம்போர்ட் செய்வதற்கு முன் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் தொட்டுப் பாருங்கள். வி.எல்.சி.யிலேயே ஓடவில்லை என்றால் ஃபைல் பழுது. அந்த நிலையில் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். போனில் உள்ள ஃபைல் சைஸையும் கம்ப்யூட்டரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். சைஸ் வேறாக இருந்தால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது, திரும்பக் காப்பி செய்தால் போதும்.

போனிலேயே ஓடவில்லை என்றால், ஷூட் நடக்கும்போது பேட்டரி தீர்ந்திருக்கும் அல்லது போன் ஹேங் ஆகியிருக்கும். எம்பி4 ஃபைலில் எந்த ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை போன் வழக்கமாக ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் அணைந்தால் படம் உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. இதை மீட்க 'அன்ட்ரங்க்' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றைக் கூடவே கொடுத்தால், அதை மாதிரியாக வைத்துப் பழுதானதை ஒட்டவைக்கப் பார்க்கும். எல்லா முறையும் முழுதாக வராது. ஆனாலும் அழிப்பதற்கு முன் கண்டிப்பாக முயன்று பாருங்கள்.

வி.எல்.சி.யில் நன்றாக ஓடுகிறது, எடிட்டிங்கில் மட்டும் ஏறவில்லை என்றால் அடுத்தது 'மீடியாஇன்ஃபோ'. இலவசம், மிகச் சின்னது. கிளிப்பை அதில் போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் எழுத்தில் காட்டும். அதில் நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்: வீடியோ ஃபார்மேட், பிட் டெப்த் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்கிறது என்ற அளவு), ஃப்ரேம் ரேட் மோட் (வினாடிக்கு எடுக்கும் ஃப்ரேம் எண்ணிக்கை சீரானதா, மாறுவதா), ஹெச்டிஆர் (வெளிச்சம், இருட்டு இரண்டையும் அதிக விரிவாகப் பதிவு செய்யும் முறை) அல்லது கலர் பற்றிய வரி. இனி வரும் எல்லாம் இந்த நான்கை வைத்துத்தான்.

படி 5: 'சவுண்டு வருது, படம் வரல'

எம்பி4, எம்ஓவி என்பவையெல்லாம் வெளிப்பெட்டியின் பெயர்தான். காசிமேட்டில் வரிசையாக இருக்கும் ஐஸ் பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே வஞ்சிரமா காரப்பொடியா என்பது திறந்தால்தான் தெரியும். பெட்டிக்குள் வீடியோ எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த முறையை கோடெக் என்கிறோம். "எல்லாமே எம்பி4 தாண்ணே, அவனோடது ஏறுது, என்னோடது ஏறல" என்பதற்குக் காரணம் இதுதான்.

போன்களில் பொதுவாக இரண்டு கோடெக். 2003இல் வந்த எச்.264, மீடியாஇன்ஃபோவில் 'ஏவிசி' என்று காட்டும். 2013இல் வந்த எச்.265, 'ஹெச்இவிசி' என்று காட்டும். இரண்டாவது இடத்தைக் குறைவாகப் பிடிக்கும். ஐபோனின் கேமரா செட்டிங்கே சொல்கிற கணக்கு: 1080, 30 ஃப்ரேமில் ஒரு நிமிடம் ஹெச்இவிசியில் சுமார் 60 எம்பி, எச்.264இல் சுமார் 130 எம்பி. அதனால்தான் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் 7உம் அதற்குப் பின் வந்த போன்களிலும் ஹெச்இவிசியே இயல்பாக இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் அதற்குத் தனி செட்டிங் உண்டு.

உங்களிடம் இருப்பது 2012இன் பிரீமியர் சிஎஸ்6 என்றால் ஹெச்இவிசியை அதில் எதிர்பார்க்கவே வேண்டாம், அந்தக் கோடெக் வருவதற்கு முன்பே வந்த சாஃப்ட்வேர் அது. கல்யாண ஸ்டூடியோக்களில் இன்னும் ஓடும் பழைய எடியஸ் பதிப்புகளும் அப்படித்தான். விண்டோஸின் சொந்த கோடெக்கை நம்பியிருக்கிற சில எடிட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்' வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. விண்டோஸ் 'என்' பதிப்பு என்று ஒன்று உண்டு. அதில் மீடியா சம்பந்தப்பட்ட பாகங்களே இருக்காது, சாதாரண எம்பி4கூடப் பிரீமியரில் ஏறாது. சிஸ்டம் அபவுட் பக்கத்தில் விண்டோஸ் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்க்க வேண்டும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பில், விண்டோஸில் 10 பிட் ஹெச்இவிசி கிளிப் போட்டால் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. மீடியாஇன்ஃபோவில் பிட் டெப்த் 10 என்று இருந்தால் இதுதான் காரணம். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 இரண்டையுமே எடுக்காது.

இந்த இடத்தில்தான் கன்வெர்ட் செய்வது நியாயம். அதற்கும் ஆன்லைன் தளங்கள் வேண்டாம். 'ஹேண்ட்பிரேக்' இலவசம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும், அடுத்தவர் வீட்டுக் கல்யாண வீடியோவை யாருடைய சர்வருக்கோ ஏற்ற வேண்டியதில்லை. அதில் பிரீசெட் பட்டியலில் 'புரொடக்‌ஷன்' என்று ஒரு பகுதி இருக்கிறது, எடிட்டிங்குக்காகவே வைத்தது. 'புரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட்' எடுங்கள். வீடியோ பக்கத்தில் கோடெக் எச்.264 என்றும், ஃப்ரேம் ரேட் 'கான்ஸ்டன்ட்' என்றும் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். டைமென்ஷன் பக்கத்தில் 4கே, 1080 ஆகக் குறையவில்லை என்பதையும் பாருங்கள். முழுக் கிளிப்பையும் போடும் முன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, எடிட்டிங்கில் ஏறுகிறதா என்று சோதியுங்கள்.

படி 6: சவுண்டு விலகுவது

கானா ரெக்கார்டிங்கில் இது பெரிய தலைவலி. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பாட்டு, இரண்டு போனில் எடுத்தது, ஒலி தனியாக ரெக்கார்டரில். டைம்லைனில் முதல் அடியை வைத்துப் பொருத்தினால் கச்சிதம். ஐந்தாவது நிமிடத்துக்குப் போனால் டோலக்கில் கை படுவதற்கு முன்பே அடி கேட்கிறது. கிளிப்பை நகர்த்தி அங்கே சரிசெய்தால் ஆரம்பம் கெடுகிறது.

காரணம் மீடியாஇன்ஃபோவின் 'ஃப்ரேம் ரேட் மோட்' வரியில் இருக்கும்: 'வேரியபிள்'. கேமராக்கள் வினாடிக்கு 25 என்றால் ஒவ்வொரு வினாடியும் 25 எடுக்கும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடானால், ஒரு வினாடிக்கு 30, இன்னொன்றுக்கு 28 என்று எடுத்துவிட்டு எந்த ஃப்ரேம் எந்த நேரத்தில் என்று குறிப்பு எழுதி வைக்கும். பிளேயர் அந்தக் குறிப்பைப் பார்த்து ஓட்டும். சில எடிட்டர்கள் குறிப்பைப் பார்க்காமல் சீராக அடுக்கிவிடும். அதனால் விலகல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் இது இன்னும் மோசம்.

2018க்குப் பிந்தைய பிரீமியர் என்றால் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் சோர்ஸ் கிளிப் பகுதியில் பாருங்கள். வேரியபிள் என்று கண்டுபிடித்திருந்தால் 'பிரிசர்வ் ஆடியோ சிங்க்' தேர்வு இருக்கும். அதை வைத்தால் பெரும்பாலும் போதும். மற்றவற்றில் ஹேண்ட்பிரேக் வழியாக 'கான்ஸ்டன்ட்' ஆக மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். பாதி எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகரும். எனவே பாட்டோ நீளமான பேச்சோ இருக்கிற கிளிப்புகளுக்கு இந்த வேலையை முதலிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டு வினாடி, மூன்று வினாடித் துண்டுகளாகப் போடப்போகிற ரீல்ஸுக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

விலகல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் புளூடூத் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ கேட்டுக்கொண்டு எடிட் செய்கிறீர்கள், அதில் ஒலி தாமதமாகத்தான் வரும். வயர் ஹெட்செட் போட்டுக் கேளுங்கள்.

படி 7: முகம் வெளுத்துப்போவது

ஐபோன் 12 முதல் கேமரா இயல்பாகவே ஹெச்டிஆரில் எடுக்கிறது. போன் திரையில் அழகாகத் தெரிவது சாதாரண எடிட்டிங் டைம்லைனில் வெளுத்து, வானமெல்லாம் எரிந்துபோய்க் கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, படம் முழுதாக உள்ளேதான் இருக்கிறது, வண்ணத்தைப் படிக்கிற முறைதான் தவறு. பிரைட்னஸைக் குறைத்து ஒப்பேற்றினால் தோலின் நிறம் செத்துப்போகும்.

பிரீமியரில் வண்ணம் திருத்தும் 'லுமெட்ரி' பேனலின் செட்டிங்ஸ் பகுதியில் 'டோன் மேப்பிங்' தொடர்பான ஆட்டோ தேர்வை இயக்குங்கள். ரிசால்வில் கிளிப்பின் மேல் 'கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்' போட்டு, உள்ளே வருவது ரெக்.2020, ஹெச்எல்ஜி என்றும் வெளியே போவது ரெக்.709 என்றும் கொடுங்கள். அடுத்த ஷூட்டுக்கு முன் போனில் கேமரா செட்டிங்கில் 'ரெக்கார்ட் வீடியோ' என்பதற்குள் ஹெச்டிஆரை அணைத்துவிடுங்கள். கல்யாணம், காதுகுத்து, ரீல்ஸ் வேலைகளுக்கு ஹெச்டிஆர் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 8: ஏறிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டர் நகரவில்லை

இதைக் கோடெக் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் கன்வெர்ட் செய்கிறார்கள். ஹெச்இவிசியை விரித்துக் காட்ட நிறையக் கணக்கு போட வேண்டும். அதற்கென்று சிப்பில் தனிப் பகுதி இருந்தால் சுலபம், இல்லையென்றால் பிராசஸர் மூச்சு வாங்கும். இன்டெல்லில் 8 பிட் ஹெச்இவிசிக்கு 6ஆம் தலைமுறை முதலும், 10 பிட்டுக்கு 7ஆம் தலைமுறை முதலும் அந்தப் பகுதி இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருக்கும் கிராபிக்ஸோடு சேர்ந்தது. ஐ5 12400எஃப் போல பெயரின் கடைசியில் 'எஃப்' என்று வரும் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸே கிடையாது. அசெம்பிள் செய்யும்போது கொஞ்சம் பணம் மிச்சம் என்று எஃப் வாங்கி, கூடவே ஜிடி 710 கார்டைப் போட்டுவிட்டால் ஹெச்இவிசிக்கு உதவ யாருமே இல்லை. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 1050 முதல் 10 பிட்வரை பார்த்துக்கொள்ளும். எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிற தம்பி, தங்கைகள் கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

புது கம்ப்யூட்டர் இப்போது முடியாது என்றால் ப்ராக்ஸி இருக்கிறது, அதற்குக் காசு எதுவும் இல்லை. பிரீமியரில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராக்ஸி, 'கிரியேட் ப்ராக்ஸிஸ்'. ரிசால்வில் 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா'. சாஃப்ட்வேர் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னப் பிரதி செய்து வைத்து, எடிட் செய்யும்போது அதைக் காட்டும், எக்ஸ்போர்ட்டில் ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். பழைய ஐ3 மெஷினில் 4கே எடிட் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளிப் திடீரென்று பச்சையாகவோ துண்டு துண்டாகவோ தெரிந்தால், பிரீமியர் பிரிஃபரன்ஸில் 'மீடியா கேஷ்' போய் அழித்துவிட்டுத் திறங்கள். கிராபிக்ஸ் டிரைவரையும் அப்டேட் செய்யுங்கள்.

ஷூட்டுக்கு முன் போனில் செய்ய வேண்டியவை

எடிட் செய்யப்போகும் கம்ப்யூட்டர் பழையது என்றால் ஐபோனில் கேமரா, ஃபார்மேட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வையுங்கள். எச்.264இல் எடுக்கும், எங்கும் ஏறும். 4கே 60 மட்டும் அதில் கிடைக்காது. சாம்சங்கில் கேமரா செட்டிங்கில் 'ஹை எஃபிஷியன்சி' வீடியோவை அணையுங்கள். எச்.264இல் 4கே 30 எடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 350 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 21 ஜிபி. இடம் இருக்கிறதா என்று மண்டபத்துக்குக் கிளம்பும் முன்பே பாருங்கள்.

ஸ்டூடியோ கேமரா 25 ஃப்ரேமில் ஓடும்போது போன் 30இல் எடுத்தால் இரண்டையும் ஒரே டைம்லைனில் போடும்போது போன் ஷாட் மட்டும் தத்தித் தத்தி நகரும். ஐபோனில் 'ரெக்கார்ட் வீடியோ' பகுதியில் 'ஷோ பால் ஃபார்மேட்ஸ்' என்பதை இயக்கினால் 25 கிடைக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்தின் டியூப்லைட், சீரியல் செட் வெளிச்சம் துடிப்பதும் 25இல் குறையும். ரிசால்வில் டைம்லைன் தொடங்கிய பிறகு பிராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது. முதல் கிளிப்பைப் போடும்போது மாற்றவா என்று கேட்கும், அவசரத்தில் எதையாவது அழுத்தாமல் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை, யாரிடமாவது உதவி கேட்க வேண்டும் என்றால், "ஏறல அண்ணே" என்று ஒரு வரியோடு ஸ்கிரீனைச் சாய்வாகப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். மீடியாஇன்ஃபோவில் 'வியூ' மெனுவில் 'டெக்ஸ்ட்' தேர்ந்தெடுத்து, வருகிற எழுத்து முழுவதையும் காப்பி செய்து அனுப்புங்கள். கூடவே போன் மாடல், சாஃப்ட்வேரின் பெயரும் பதிப்பு எண்ணும், எரர் செய்தியில் உள்ள அதே வார்த்தைகள், கம்ப்யூட்டரின் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும். பத்து வினாடித் துண்டு ஒன்றை டாக்குமென்டாகச் சேர்த்துவிட்டால் உதவுகிறவர் தன் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்துவிடுவார்.